‘குழந்தைகளோடு நன்றாகப் பழகும்’ என்று எழுதலாமா?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசிப் பக்கம் உள்ள ஒரு நாய்கள் காப்பகத்துக்குப் போய் உதவி செய்வேன். அங்கே சிட்டு என்று ஒரு பெண் நாய். நாட்டு நாய்தான், செவலை நிறம், வயது நான்கு இருக்கும். கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகளும் போட்டாயிற்று. காப்பகத்துக்கு வந்து இரண்டு வருடமாகிறது. யாராவது பார்க்க வந்தால் கம்பிக்கதவில் ஏறி விழுந்து குரைப்பாள். வெளியே கூட்டி வந்தாலோ என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். என்னிடமும் சமையல்கார அக்காவிடமும் அவ்வளவு பாசம், மடியில் தலை வைத்துப் படுப்பாள். கயிற்றில் இழுக்காமல் நடப்பாள். ஆண் நாய்களோடு ஒத்துப்போவாள், பக்கத்துக் கூண்டுப் பெண் நாயோடு மட்டும் ஆகாது.

போன மாசி மாதம் கோவையில் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பம் எடுத்துப் போனது. நான்காம் நாளே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏழு வயதுப் பையன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தானாம், வெடுக்கென்று திரும்பிக் கையில் பல்லைப் பதித்துவிட்டாளாம். ரத்தம் வரவில்லை, சிராய்ப்பு மட்டும். காப்பகத்தில் இப்போதும் ‘சாதுவான நாய், குழந்தைகளோடு நன்றாகப் பழகும்’ என்றுதான் அறிவிப்புப் போடுகிறார்கள். உண்மையை எழுதினால் யார் எடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். காங்கயம் பக்கம் ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவர் காவலுக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா? அவள் குணமே அப்படித்தானா? வீடு கிடைக்காவிட்டால் அவளைப் பிடித்து வந்த தெருவிலேயே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

— ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்:

வணக்கம் அம்மிணி. உங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையனின் கையில் சிராய்ப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் வராவிட்டாலும் நாயின் பல் பட்டுத் தோல் சிராய்ந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. இது நடந்தது மாசியில், சிட்டு இன்றுவரை நலமாக இருக்கிறாள். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நோயில்லாமல் இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது. ஆகவே அந்தப் பையனைப் பற்றி இனிப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காப்பகத்தில் வேலை செய்யும் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பத்து நாள் பார்த்துக்கொண்டு காத்திருப்பது வேறு, ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிப்பது வேறு. இரண்டாவதுதான் சரி. உங்களுக்கும் அந்தச் சமையல்கார அக்காவுக்கும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசி உண்டு. நாய்களோடு தினம் புழங்குகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

இனி சிட்டுவிடம் வருவோம். அவள் குணமே அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் சிட்டு கூச்ச சுபாவம் உள்ள நாய். முரட்டு நாய் என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை.

அந்த நான்கு நாட்களை அவள் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வருடம் ஒரே கூண்டு, ஒரே கூட்டாளிகள், ஒரே நேரத்துச் சாப்பாடு. திடீரென்று ஒரு நாள் காரில் ஏற்றுகிறார்கள். லிஃப்ட் என்று ஒன்று, கதவு மூடித் திறந்தால் வேறு இடம். தரையெல்லாம் வழுக்கும் டைல்ஸ். குக்கர் விசில், மிக்சி, காலிங் பெல். வீட்டில் ஒருவர் முகம்கூடத் தெரிந்த முகம் இல்லை. இப்படிப்பட்ட முதல் சில நாட்களில் பெரும்பாலான நாய்கள் சரியாகத் தூங்குவதே இல்லை. மூலையில் சுருண்டு கிடக்கும், நாம் ‘எவ்வளவு அமைதியான நாய்!’ என்று நினைத்துக்கொள்வோம். அது அமைதி இல்லை, பயத்தில் உறைந்துபோயிருப்பது. அந்த நிலையில் அவளுக்கு முன்னால் சோற்றுக் கிண்ணம். காப்பகத்தில் பல நாய்களுக்கு ஒன்றாகச் சோறு போடும்போது வேகமாகத் தின்பதும் தன் பங்கைக் காப்பதும்தான் பிழைக்கும் வழி. அதைத்தான் அவள் இரண்டு வருடமாகக் கற்றிருக்கிறாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் கழுத்தைச் சுற்றி வந்து இறுக்குகின்றன. பையனுக்கு அது பிரியம். நாய்க்கோ கழுத்தைச் சுற்றி வளைப்பது அபாயம்.

அப்போதும் அவள் செய்தது என்ன? பல்லை வைத்தாள், அழுத்தாமல் எடுத்துக்கொண்டாள். நான்கு வயது நாயின் தாடைக்கு ஒரு சிறுவனின் கையைக் கிழிக்க ஒரு நொடி போதும். தன் வாயை அடக்கத் தெரிந்த நாய் என்பது இதில் தெரிகிறது, இது நல்ல செய்தி. ஆனால் இதை வைத்து ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அதே மாதிரி இன்னொரு வீட்டில், இன்னொரு குழந்தை, இன்னும் கொஞ்சம் அதிகமான பயம் என்றால் அடுத்த முறை அழுத்தலாம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. அடுத்து எடுக்கிறவருக்கு இரண்டையும் சொல்லியாக வேண்டும்.

நாய் கடிப்பதற்கு முன் பல விதத்தில் சொல்லும். தின்றுகொண்டிருக்கும் நாய் மெல்வதைச் சட்டென்று நிறுத்தும். உடம்பு விறைக்கும். தலை கிண்ணத்துக்கு மேல் இன்னும் தாழும். தலை திரும்பாது, கண் மட்டும் ஓரமாக வந்து வெள்ளை தெரியும். அதற்கப்புறம் உதடு தூக்கும், உறுமும். இவ்வளவும் ஓரிரு நொடிகளில் நடந்துவிடும். கிண்ணம் இல்லாத நேரத்திலும் இதற்கான சாடைகள் உண்டு. தூக்கம் வராதபோது கொட்டாவி, மூக்கை நாவால் நக்கிக்கொள்வது, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வது, முன்னங்காலில் ஒன்றை லேசாகத் தூக்கிப் பிடிப்பது. இவையெல்லாம் ‘கொஞ்சம் தள்ளி நில்’ என்று அது நம்மிடம் கேட்பது. ஞாயிற்றுக்கிழமை போகும்போது சிட்டுவிடம் இவற்றைப் பாருங்கள். உறுமினால் யாரும் அதட்ட வேண்டாம் என்று காப்பகத்தில் சொல்லிவையுங்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்படிப்பட்ட நாய்தான் சொல்லாமல் கடிக்கும்.

கிண்ணத்தைக் காக்கும் பழக்கத்தைக் குறைக்க வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். முதல் வேலை, அவளுக்குத் தனியாகச் சோறு வைக்கச் சொல்லுங்கள், மற்ற நாய்கள் கண்ணில் படாத இடத்தில். சில நாள் அப்படியே நிம்மதியாகத் தின்னட்டும். அப்புறம், அவள் தின்னும்போது நீங்கள் தூரத்தில் நடந்து போங்கள். அவள் மெல்வதை நிறுத்தாத தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். அங்கிருந்து வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கிண்ணத்தின் பக்கம் வீசிவிட்டு, நிற்காமல் போய்விடுங்கள். ஆள் வந்தால் சோறு போகாது, மேற்கொண்டு நல்லது வரும் என்று அவளுக்குப் புரிய வேண்டும். வாரக்கணக்கில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். அவள் விறைத்தால், அல்லது திடீரென்று அவசர அவசரமாக விழுங்கினால், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், பழைய தூரத்துக்கே திரும்புங்கள். ‘யார் எஜமான் என்று காட்ட வேண்டும்’ என்று கிண்ணத்தைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை யாரும் சிட்டுவிடம் செய்ய விடாதீர்கள். காத்தது சரிதான் என்று அவளுக்குக் கற்றுக்கொடுப்பது மாதிரி ஆகிவிடும்.

காப்பகத்தில் கிண்ணத்தைக் காக்கும் நாய்களில் பல, வீட்டுக்குப் போய்ப் போட்டியில்லாமல் சாப்பிடத் தொடங்கியதும் அதை விட்டுவிடுகின்றன. காப்பகத்தில் சாதுவாக இருந்துவிட்டு வீட்டில் காக்கத் தொடங்குபவையும் உண்டு. கூண்டுக்குள் பார்த்ததை வைத்து வீட்டில் எப்படி இருக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

கம்பிக்கதவில் ஏறிக் குரைப்பதும் அப்படித்தான். முன்னே கம்பி, பின்னே சுவர், ஓடவும் முடியாது, கிட்டப் போய் மோந்து பார்க்கவும் முடியாது. வருகிறவர்கள் நேருக்கு நேர் நின்று கண்ணைப் பார்க்கிறார்கள், சிலர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றுவதில்லை, குனிந்து கையை நீட்டுகிறார்கள். அவள் குரைக்கிறாள். அவர்கள் ஒரு நிமிடத்தில் அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறார்கள். குரைத்தால் ஆள் போய்விடும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குப் பாடம் நடக்கிறது. இனிமேல் சிட்டுவைக் கூண்டில் வைத்து யாருக்கும் காட்டாதீர்கள். வருகிறவர்களை வெளியே வேப்பமரத்தடியிலோ மைதானத்திலோ உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் அவளைக் கயிற்றில் கூட்டி வாருங்கள். அவர்கள் பக்கவாட்டில் திரும்பி உட்காரட்டும், கூப்பிட வேண்டாம், தொட வேண்டாம். எல்லோருமாகச் சேர்ந்து ஒரே திசையில் கொஞ்ச தூரம் நடங்கள். நடந்துகொண்டே அவ்வப்போது ஒரு துண்டு கறியைக் கீழே போடச் சொல்லுங்கள். உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிகிற நாய், அரை மணி நேரத்தில் அவர்கள் செருப்பை மோந்து பார்க்கும். அதுவே முதல் நாளுக்குப் போதும்.

அந்த ஒளிதல்தான் அவளுடைய இயல்புக்கு நெருக்கமானது. நாய்க்குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை ஒரு பருவம் உண்டு. அப்போது யார் யாரைப் பார்த்து, என்னென்ன சத்தம் கேட்டு வளர்கிறதோ அவையெல்லாம் அதற்குச் சாதாரணம் ஆகிவிடும். அந்த வயதில் மனிதர் கை அதிகம் படாமல் வளர்ந்த நாய், பிற்பாடு ஆட்களிடம் தயங்கித்தான் பழகும். சிட்டு ஊர் கூடும் வீட்டில் எல்லோர் மடியிலும் ஏறும் நாயாக மாட்டாள். ஆனால் உங்களிடமும் அக்காவிடமும் மடியில் தலை வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். மனிதரோடு ஒட்டும் திறன் அவளுக்கு முழுசாக இருக்கிறது, எண்ணிக்கைதான் குறைவு. இரண்டு பேர், மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அது குறையே அல்ல.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கால்நடை மருத்துவரிடம் அவளை முழுசாகக் காட்டுங்கள். தொட்டால் வெடுக்கென்று திரும்பும் நாய்களில் கணிசமானவற்றுக்கு எங்கோ வலி இருக்கும். காதுக்குள் புண், உடைந்த பல் (கம்பியைக் கடிக்கும் நாய்களுக்குக் கோரைப்பல் உடைவது சகஜம்), இடுப்பிலோ கழுத்திலோ மூட்டு வலி, இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கம் உண்ணி அதிகம். உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருந்துகொண்டு மூட்டு வலியையும் எரிச்சலையும் தரும், வெளியே பார்க்க நாய் நன்றாகவே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. உள்ளூரில் வசதி இல்லையென்றால் உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கே கொண்டுபோகலாம்.

அடுத்து காங்கயத்துக்காரர். இதில் என் பதில் தெளிவானது: வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ‘நல்லாக் குரைக்குதுங்க, பட்டிக்கு இது போதும்’ என்று கூண்டில் பார்த்ததை வைத்துக் கேட்டிருப்பார். அவர் பார்த்தது பயத்தில் குரைத்த நாயை.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இன்றைக்கு நாய் என்றாலே விவசாயிகளுக்கு வயிறு எரிகிறது. கடந்த சில வருடங்களாக ராத்திரியில் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் குதறிப் போடுவது திரும்பத் திரும்ப நடக்கிறது. மழை பொய்த்தாலும் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மேய்த்து ஆட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கும் குடும்பத்துக்கு, விடிந்து பார்த்தால் பத்துப் பதினைந்து ஆடுகள் கழுத்து கிழிந்து கிடக்கும். நஷ்ட ஈடு கேட்டுச் சாலைமறியல் வரைக்கும் போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நாய்களை நேசிக்கிறவர்கள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஊருக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு நாயை அனுப்புவது, ஆட்டுக்கும் செய்யும் கெடுதல், நாய்க்கும் செய்யும் கெடுதல்.

பட்டி காக்கும் நாய் குட்டியிலிருந்தே படலுக்குள் ஆட்டோடு ஆடாக வளர்ந்திருக்கும். ஆட்டின் வாசம், கத்தல், ஓட்டம் எல்லாம் அதற்கு வீட்டு விஷயம். நான்கு வயதில் முதன்முறையாக ஆட்டைப் பார்க்கும் நாய்க்கு, மிரண்டு ஓடும் செம்மறி துரத்த வேண்டிய பொருளாகத் தெரிய வாய்ப்பு அதிகம். சிட்டு துரத்துவாளா என்பது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால், கயிற்றில் பிடித்துக்கொண்டு நல்ல தூரத்தில் ஆடுகளைக் காட்டிப் பார்க்கலாம். பார்த்துவிட்டுத் தரையை மோந்துகொண்டு திரும்பினால் நல்லது. உடம்பை விறைத்து, கண்ணெடுக்காமல் பார்த்து, பதுங்கி அடியெடுத்து வைத்தால், ஆடும் கோழியும் உள்ள எந்தத் தோட்டத்துக்கும் அவள் ஆக மாட்டாள். நம் தோட்டங்களில் மயில்கூடக் கூட்டமாக மேய்கிறது. கிளுவை வேலியில் நாய் நுழைய இடமா இல்லை? பக்கத்துக் காட்டு ஆட்டை ஒரே ஒருமுறை துரத்தினால் போதும், விஷம் வைத்த கறி அவளைத் தேடி வரும். இது நடக்கிற விஷயம், மறைத்துப் பேசிப் பயனில்லை.

இன்னொன்று, காவலுக்கு என்று வாங்குகிற நாய் பல தோட்டங்களில் கட்டுத்தரை ஓரம் பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கிறது. கூச்சமுள்ள நாயைச் சங்கிலியில் போட்டால் அது கூண்டைவிட மோசம். விலகிப் போக வழியில்லாதபோது கடிப்பது ஒன்றுதான் அதற்கு மிச்சம். நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், கட்டியே வைத்து நடக்க விடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி குற்றம். எந்தத் தோட்டத்துக்காரர் கேட்டாலும் ‘பகலில் எங்கே இருக்கும்?’ என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். காங்கயத்துக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ‘உங்க ஆட்டுக்கு இது ஆகாதுங்க. பட்டியில் பிறந்த குட்டியாப் பார்த்து வாங்குங்க.’ அவர் புரிந்துகொள்வார்.

அறிவிப்புக்கு வருகிறேன். ‘குழந்தைகளோடு நன்றாகப் பழகும்’ என்பதை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு குழந்தையின் கையில் பல் பட்டது தெரிந்தபிறகு அப்படி எழுதுவது பொய். அந்தப் பொய்யை நம்பி வரப்போவது குழந்தை உள்ள குடும்பம்தான். மறுபடி நான்காம் நாள் திருப்பி வரும், இந்த முறை ரத்தத்தோடு வரலாம். இரண்டு முறை திரும்பி வந்த நாயை மூன்றாவது ஆள் எடுப்பது அபூர்வம். உண்மையை எழுதினால் கேட்டு வருகிறவர்கள் குறைவார்கள், அது சரிதான். சிட்டுவுக்கு வேண்டியது ஐம்பது விசாரிப்புகள் இல்லை, ஒரே ஒரு வீடு.

எப்படி எழுதுவது என்று நீங்கள் யோசிக்கலாம். அவள் என்ன செய்கிறாள் என்பதை எழுதுங்கள், படிக்கிறவர் தன் வீட்டில் அவளை வைத்துக் கற்பனை செய்து பார்க்க முடிய வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“சிட்டு, பெண், நாட்டு நாய், வயது சுமார் 4. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகள் போட்டாயிற்று. புதியவர்களிடம் முதலில் ஒதுங்கி நிற்பாள். பழகியபின் மடியில் தலை வைத்துப் படுப்பாள். கயிற்றில் இழுக்காமல் நடப்பாள். ஆண் நாயோடு இருப்பாள், பெண் நாய் உள்ள வீடு வேண்டாம். சாப்பிடும்போது அவளை யாரும் தொடக் கூடாது. அப்படித் தொட்டபோது ஒரு சிறுவன் கையில் பல் பட்டுச் சிராய்ப்பு ஏற்பட்டிருக்கிறது. அதனால் சிறு குழந்தைகள் இல்லாத, இரண்டு மூன்று பெரியவர்கள் உள்ள, சுற்றுச்சுவர் போட்ட வீடு தேடுகிறோம். எடுப்பதற்கு முன் சில முறை வந்து அவளோடு நடக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்வோம்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். திருப்பித் தந்தால் திட்டுவார்கள் என்று பயந்துதான் பலர் ராத்திரியோடு ராத்திரியாக நாயைப் பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கோவைக் குடும்பம் நேரில் கொண்டுவந்து, நடந்ததையும் சொல்லிவிட்டுப் போனார்களே, அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போட்டோ எடுக்கும்போது கம்பி தெரியக் கூடாது. காலை வெயிலில், நீங்களும் தரையில் உட்கார்ந்து, அவள் கண் மட்டத்தில் வைத்து எடுங்கள். அதைவிட நல்லது, அவள் உங்களோடு நடப்பதையும் அக்கா மடியில் படுத்திருப்பதையும் சின்ன வீடியோவாக எடுத்துப் போடுவது. செவலை நாட்டு நாய் ஊருக்கு ஊர் இருக்கிறது, போட்டோவில் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத் தெரியும். நடக்கும்போதும் தூங்கும்போதும்தான் சிட்டு சிட்டுவாகத் தெரிவாள்.

எங்கே தேடுவது? பிள்ளைகள் படித்து சென்னை, பெங்களூரு என்று போய்விட்டு, அம்மா அப்பா மட்டும் தனி வீட்டில் இருக்கும் குடும்பங்கள் கோபியிலும் உடுமலையிலும் பவானியிலும் எத்தனையோ உண்டு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, மீதி நேரம் திண்ணையில் ஓரமாகப் படுத்திருக்கலாம். அப்படிப்பட்ட வீடு அவளுக்குப் பொருந்தும். ஆனால் பேரன் பேத்திகள் முழுப்பரீட்சை லீவுக்கும் நோம்பிக்கும் வருவார்களா, எத்தனை நாள் தங்குவார்கள், அப்போது சிட்டுவை எங்கே வைப்பீர்கள் என்பதைக் கேட்டே ஆக வேண்டும். ‘தனியா ஒரு அறை இருக்குதுங்க, அங்கயே சோறு வெச்சுக் கதவைச் சாத்திருவோம்’ என்று சொல்கிறவரிடம் நம்பிக் கொடுக்கலாம். ‘எங்க பேரனைக் கடிக்கவே கடிக்காது’ என்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

பக்கத்தில் தறிக்குடோன் இருந்தால் பரவாயில்லையா என்று சோமனூர், பல்லடம் பக்கத்தவர்கள் கேட்பார்கள். விடாமல் ஒரே மாதிரி ஓடும் தறிச் சத்தத்துக்குப் பல நாய்கள் பழகிவிடும். அவற்றை உலுக்குவது எதிர்பாராத சத்தம். அதனால் தீபாவளியை ஒட்டியோ, ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டியிருக்கும்போதோ அவளை வீடு மாற்ற வேண்டாம். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும், ஆத்தா அப்பாரு உட்பட, பார்த்துப் பேசாமல் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு இஷ்டமில்லை என்றாலும் அந்த வீடு நிலைக்காது.

கொடுக்கும்போது முதல் இரண்டு மூன்று வாரம் ‘வைத்துப் பார்க்கட்டும்’ என்றே கொடுங்கள். காப்பகங்களில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். சிட்டுவைப் போன்ற நாய்க்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். முதல் நாட்களில் விருந்தாள் வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்க வேண்டாம். ஒரு மூலையில் பழைய சாக்கோ பெட்ஷீட்டோ போட்டு, அங்கே படுத்திருந்தால் யாரும் போய்த் தொடக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளட்டும். அக்காவின் பழைய சேலைத் துணி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், தெரிந்த வாசம் கூட இருக்கும். காப்பகத்தில் தின்ற சோற்றையே சில நாள் போடட்டும், அப்புறம் மெதுவாக மாற்றலாம்.

மிக முக்கியம், கயிறு. புது வீட்டுக்குப் போன முதல் நாட்களில்தான் நாய்கள் அதிகம் தொலைகின்றன. மிரண்டால் பின்னால் இழுத்துக் கழுத்துப் பட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடும், பழக்கமில்லாத ஊரில் எங்கே போய்த் தேடுவது? கழுத்துப் பட்டை ஒன்று, மார்போடு மாட்டும் பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு. பட்டையில் போன் நம்பர். கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அவள் எங்கே என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். பஸ்ஸிலோ பைக்கிலோ கொண்டுபோக வேண்டாம், காரில், நீங்களும் கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக அந்தத் தெரு. 2023-இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. அது அறுவை முடிந்து சில நாளில் திரும்பும் நாய்க்கு. அதன் தெரு அதற்குத் தெரியும், தெரு நாய்களுக்கும் அதைத் தெரியும். இரண்டு வருடம் கழித்துப் போகும் சிட்டுவுக்கு அங்கே இடமில்லை. புதிய நாய்கள் அந்தத் தெருவைப் பிடித்திருக்கும், விரட்டிக் கடிக்கும். வேளா வேளைக்குக் கிண்ணத்தில் சோறு வந்து பழகியவளுக்கு வண்டி நெரிசலில் ரோட்டைக் கடக்கும் பழக்கமும் போயிருக்கும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் பிறப்பித்த உத்தரவிலும், தெருநாயைத் தத்தெடுத்தவர் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அந்த யோசனையைச் சொன்னவரிடம் இதை எடுத்துச் சொல்லி, அத்தோடு விட்டுவிடுங்கள்.

வீடு கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் யாராவது தற்காலிகமாகத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தயாராக இருந்தால், ஒரு மாதமானாலும் சரி, கொடுங்கள். ஒரு வீட்டுக்குள் அவள் எப்படித் தூங்குகிறாள், காலிங் பெல் அடித்தால் என்ன செய்கிறாள், தனியாக விட்டால் கத்துகிறாளா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தெரிந்ததை அறிவிப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். அது முடியாவிட்டால், உங்களையும் அக்காவையும் தவிர மூன்றாவதாக ஒருவரை, முடிந்தால் ஒரு ஆணை, வாரத்தில் ஒரு நாள் அவளோடு நடக்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் சில வாரம் நீங்களும் கூட நடங்கள். ஒரு நோட்டுப் போட்டு, யார் வந்தார், என்ன நடந்தது, சிட்டு என்ன செய்தாள் என்று அன்றன்றைக்கு எழுதிவையுங்கள். எடுக்க வருகிறவரிடம் அந்த நோட்டையே கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். மருத்துவரிடம் காட்டிய முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.